திங்களும் புதனும் திரும்பி வந்த காளான்

பறித்த காளானும் மூச்சு விடும் என்பதை என் ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அந்த அறிவு எனக்குத் தேவைப்படவில்லை. கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் உட்கார்ந்து, ஆட்கள் வந்தார்களா வரவில்லையா என்று பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையில் ஆள் குறைத்தபோது, குறைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். கடைசிப் பெயர் என்னுடையது என்பதைத் தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

கேரள எல்லையில் இருக்கிற எங்கள் ஊர் வடகரப்பதிக்குத் திரும்பி வந்து, வீட்டிலிருந்த புத்தகங்களை இரண்டாம் சுற்றும் படித்து முடித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. படிக்கிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. எதைப் படித்தாலும் இதை நாமே செய்துவிடலாம் என்று தோன்றும். கிருஷி பவன் என்கிற வேளாண்மை அலுவலகத்தில் காளான் வளர்ப்புப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து எங்கள் மாட்டுக்கொட்டகையைப் பார்த்தபோது அதில் நின்றிருந்த இரண்டு மாடுகள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வரிசையாகத் தொங்கும் வைக்கோல் பைகளும் அவற்றில் கொத்துக் கொத்தாகப் பூத்த சிப்பிக் காளானும்தான் தெரிந்தன.

மாடுகள் என் மனைவியுடையவை. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, அங்கே நிற்கிற பெண்களிடமிருந்து ஊர்ச் செய்தி அத்தனையும் வாங்கிக்கொண்டு வருவாள். மாடுகளை விற்கச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மழைக்காலமும் பனிக்காலமும் பிடித்தன. மாடு தின்னும், உதைக்கும், ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால் கறக்க ஆள் தேட வேண்டும். காளானில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது என்று தினமும் வாதாடினேன்.

"பாலும் கெடையாதுங்க" என்றாள்.

ஆனாலும் விற்றாள், ஒரு நிபந்தனையோடு. "ஒரு வருசம் பாப்பனுங்க. காளான் நெலைக்கலைன்னா கொட்டாயி மறுக்கா மாட்டுக்குத்தான். அப்பறம் பேசக் கூடாது."

அந்த ஒரு வருடம் முடிய இருந்த பங்குனியில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். அப்போது அவள் சினை மாடு ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் அல்ல. எனக்குத் தெரிய வேண்டும் என்றே, நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து மாட்டுக்காரரிடம் போனில் பேசுவாள்.

காளான் வளர்ப்பில் எனக்குத் தோல்வியே இல்லை. பெருமையடிக்கவில்லை; காளான் தானாக வளர்ந்தது. கொட்டகைக்குள் சாக்கைத் தொங்கவிட்டு நனைத்துக்கொண்டிருந்தால் போதும், நம்மைப் பொருட்படுத்தாமல் அது பாட்டுக்கு வரும். தொல்லை எல்லாம் அதைப் பறித்த பிறகுதான். பாலக்காடு டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் எங்களுக்குக் குளிர் அலமாரியில் ஒரு தட்டு கொடுத்திருந்தார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் சரக்கு போக வேண்டும். காலை எட்டரையிலிருந்து பத்தரைக்குள் இறக்கிவிட வேண்டும். ஒரே நாளில் கெட்டுப்போவதை எடுத்து வைத்து, அடுத்த வண்டியில் எங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அல்ல. மாசி தொடங்கியதிலிருந்து பொட்டலங்கள், மறுவீடு போய் வருகிற பெண்ணைப் போல, போவதும் வருவதுமாக இருந்தன. போகும்போது மல்லிகைப்பூ நிறத்தில் போகும். வரும்போது ஓரமெல்லாம் மஞ்சள், அடியில் பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர், தொட்டால் பிசுக்கு. மூடியைப் பிரித்தால் ஈரத் துணியை இரண்டு நாள் வாளியிலேயே மறந்துவிட்ட வாசம் வரும். ஓரம் மட்டும் வாடியதைக் கழித்துவிட்டு வீட்டில் சமைத்தோம். காளான் குழம்பு, காளான் வறுவல், காளான் போட்ட உப்புமா. அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். மூன்றாவது வாரம் நான் கையில் பையோடு தெருவில் இறங்கினால், கதவு சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

இந்த இடத்தில் வேறொருவனாக இருந்தால் நேராக ஒரு கேள்வி கேட்டு விஷயத்தை முடித்திருப்பான். நான் படித்தவன். ஆராய்ச்சியில் இறங்கினேன்.

பொட்டலத்தில் எத்தனை துளை போட வேண்டும் என்பதில் தொடங்கியது. இரண்டு, நாலு, ஆறு. ஊசியால் குத்திய துளை, ஊதுபத்தியால் சுட்ட துளை. மூச்சு விடுகிற பொருள் மூடிய பைக்குள் இருந்தால் உள்ளே வேர்க்கும், வேர்த்தால் அழுகும். ஆனால் துளை அதிகமானால் வாடும். சரி, உள்ளே மெல்லிய தாளை மடித்து வைத்தேன். காம்பை ஒட்ட வெட்டினேன், விட்டு வெட்டினேன். தண்ணீர் தெளிப்பதைக் காலை நேரத்தில் அறவே நிறுத்தினேன். கீரைக்குத் தெளிப்பதுபோல் என் மனைவி கூடையின் மேல் ஒரு கை தண்ணீர் தெளிக்கப் போனபோது, நான் ஓடிவந்து தடுத்த வேகத்தை அவள் இன்றும் விருந்தாளிகளிடம் நடித்துக் காட்டுகிறாள். விடியும் முன் பறித்ததும் குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்து, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, நடுவில் உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்கள் செருகி அனுப்பினேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினான்கு கட்டங்கள் போட்டு எழுதினேன். காற்றடித்த திசைக்கு ஒரு கட்டம் இருந்தது. எங்கள் பக்கத்தில் காற்று எப்போதும் ஒரே திசையில்தான் அடிக்கும். எழுதுவதற்குச் சுலபமாக இருந்தது.

முக்கியமான விதிகளை, வெயில் தொடங்கிய தை மாதக் கடைசியிலேயே பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். "காலை எட்டு மணிக்குள் காளான் வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும்" என்பது அதில் முதல் விதி. வெயில் ஏறுவதற்குள் டவுனுக்குப் போய்விட வேண்டும் என்பது அதன் பொருள். பொருளை எழுதவில்லை. விதி சுருக்கமாக இருந்தால்தான் கம்பீரம் என்று எனக்கு ஆலையிலேயே ஒரு நினைப்பு.

அப்படியும் சரக்கு திரும்பி வந்தது. இத்தனை ஆராய்ச்சியில் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: திங்களும் புதனும் போவது திரும்பி வருகிறது, வெள்ளி போவது வருவதில்லை. அதே கொட்டகை, அதே பொட்டலம், அதே வண்டி.

எனக்கு ஒரு விளக்கம் கிடைக்க அரை நாள்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை பாதி ஊர் கறி தின்னாது. கறி தின்னாத நாளில் கறிபோல மென்று தின்னக் கிடைப்பது காளான்தான். ஆகவே வெள்ளிக்கிழமைச் சரக்கு கெட்டுப்போவதற்கு முன்பே விற்றுப்போகிறது. கெட வாய்ப்பே கிடைப்பதில்லை. இந்த விளக்கத்தை நான் சலூனில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு விளக்கம் அழகாக இருந்தால் அது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை.

திங்கள், புதன் கெடுவதற்குக் காரணம்? அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. சூப்பர் மார்க்கெட்காரர்கள்தான். சரக்கை இறக்கிப் பின்கட்டில் போட்டுவிட்டு, அலமாரியில் அடுக்க மறந்துவிடுகிறார்கள். திரும்பி வந்த ஒரு பொட்டலத்தைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.

காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். முப்பது வயதிருக்கும். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசுவார். நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை, பொறுப்பு, கவனம், விவசாயியின் உழைப்பு என்று முழுக்க முடிக்கும் வரை முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கழிஞ்சதா சாரே?"

"முடிந்தது."

"வெள்ளிக்கெழமை உங்க காளான் எனக்குக் கைல வாங்கும்போது தணுப்பா இருக்கும். திங்களும் புதனும் வாங்கும்போதே சூடு. சுடுசோறு கட்டிக்கொண்டு வர்ற மாதிரி. அதை நான் அலமாரியில வெச்சா உள்ளார வேர்க்கும். வேர்த்தா கெடும். நான் என்ன செய்யட்டும் சாரே, விசிறி வீசட்டுமா?"

"அது எப்படி? மூன்று நாளும் ஒரே மாதிரிதானே பெட்டியில் வைத்து அனுப்புகிறோம்?"

"அது உங்களுக்கல்லே தெரியும்."

அலமாரி விளக்கின் சூடு, பின்கட்டின் காற்றோட்டம் என்று நான் இன்னும் இரண்டு ஆயுதங்களை எடுத்தேன். அவர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். அது எங்கள் வீட்டுப் பூஜையறையைவிடச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. வெளியே வரும்போது சொன்னார்: "சாரே, கோபப்படாதீங்க. வர்ற திங்களும் புதனும் பாப்பேன். ரெண்டுல ஒண்ணு மஞ்ஞ ஆனாலும் அந்தத் தட்டை வேற கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்லி மேலேருந்து சொல்லியாச்சு. என்னால ஒண்ணும் செய்யப் பற்றாதுட்டோ."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நாலு மணிக்கு எந்திரிச்சுப் பறிக்கறது நானுந்தானுங்க. கெட்டுப் போகோணும்னா நெனைப்பேன்?" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, "புதன் சரக்கு தெரியற வரைக்கும் மாட்டுக்காரரைப் பொறுக்கச் சொல்றேன்" என்றாள்.

ஆக, கொட்டகை காளானுக்கா மாட்டுக்கா என்பது இரண்டு நடை சரக்கில் இருந்தது. திங்கட்கிழமை நானே வண்டியில் கூடப் போவது என்று தீர்மானித்தேன். வண்டிக்காரர் என் மனைவியின் பெரியப்பா மகன். நாற்பது வயது. எனக்கு மாப்பிள்ளை முறை. பெட்டி ஆட்டோ வைத்திருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போகிற எந்தச் சரக்கும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் போகும். வழக்கமாக அவர் வரும் நேரத்தில் நான் கொட்டகைக்குள் வைக்கோல் பைகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். ஏழேகாலுக்கு வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். எட்டு மணிக்குள் வெளியேறிவிட்டது என்று மனசு குளிரும்; நோட்டில் அதற்குரிய கட்டத்தில் ஒரு சரி போடுவேன்.

அந்தத் திங்கட்கிழமை ஏழேகாலுக்கு வண்டியில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் மீதியிருந்த கால்பாகத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என்னையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, எங்கீங்க?"

"டவுனுக்கு."

"நீங்களுமா? அக்காளுக்குத் தெரியுமுங்களா?"

"நான் என் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டு வருகிறேன் மாப்ளே. எடு வண்டியை."

எடுத்தார். அருமையான காலை. வண்டி போகிற வேகத்தைப் பார்த்தால் எட்டரைக்கே டவுனில் இருப்போம் என்று கணக்குப் போட்டேன். பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தன. இரண்டு நிமிடம்தான். மெயின் ரோடு முக்கில் வண்டி நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். இரண்டு பெட்டிகளையும் தூக்கி, டீக்கடைக்குள் கொண்டுபோய், பாய்லருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த பெஞ்சின்மேல் பத்திரமாக வைத்தார். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

"எறங்குங்க மாமா. டீ சாப்பிடுங்க."

"பெட்டியை எதற்கு இறக்கினாய்?"

"வெயில்ல வெக்கக் கூடாதுன்னு அக்கா கண்டிசனாச் சொல்லிருக்குதுங்க. வண்டி மேல பாருங்க, வெயில் வந்துரும்."

டீக்கடைக்காரர் பாய்லரில் கரி தள்ளிக்கொண்டே தன் பங்குக்குச் சொன்னார்: "நம்ம கடைல ஒரு பயமும் இல்லீங்க. திங்களும் புதனும் இங்கதானே இருக்குது. மழை பேஞ்சாக்கூட ஒரு சொட்டு படாது."

நான் பாய்லரைப் பார்த்தேன். "எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒம்போது வரைக்குமுங்க" என்றார் மாப்பிள்ளை, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல. "இன்னிக்குத் திங்கக்கெழமை. ஏழரைக்கு ராகு காலமுங்க, அது முடியற வரைக்கும் வண்டி ரோட்டுல ஓடக் கூடாது. புதன்கெழமை அதே நேரம் எமகண்டம்."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. எமகண்டம் பிற்பகலில். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சமையலறைச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தினமும் காலையில் தாளைக் கிழிப்பவன் நான்தான். நோட்டில் ஏற்றும் முன் ஆராய்ச்சிக் குறிப்பைக் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் கிறுக்குவேன்.

"ஒன்பது மணிக்குத்தான் போவது என்றால், ஏழேகாலுக்கு ஏன் எடுத்துவருகிறாய்? குளிர்பெட்டியிலேயே இருக்கட்டுமே!"

"அதெப்படீங் மாமா? எட்டு மணிக்குள்ள ஊட்டைத் தாண்டோணும்னு நீங்கதான எழுதி ஒட்டிருக்கறீங்க? ஏழரைக்கு மேல எடுக்கறதுக்கில்லை. அதனால நல்ல நேரத்துல பரஸ்தானம் வெச்சர்றதுன்னு அக்கா சொல்லிருச்சு."

பரஸ்தானம் என்பது எங்கள் பக்கத்தில் பலரும் செய்வதுதான். பயணத்துக்கு நல்ல நேரம் முன்னதாகவும் வசதியான நேரம் பின்னதாகவும் இருந்தால், நல்ல நேரத்தில் பையை மட்டும் எடுத்துப் போய் வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் சாவகாசமாகப் போகலாம். பெண்ணுக்கு வளைகாப்பு, பையனுக்கு வேலை நேர்காணல், இவற்றுக்கெல்லாம் பெட்டி பரஸ்தானம் போவதைப் பார்த்திருக்கிறேன். சிப்பிக் காளான் போகும் என்று நினைத்ததில்லை.

வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே சூப்பர் மார்க்கெட் கொடுத்த பழைய சீட்டுகள் செருகியிருந்தன. உருவிப் பார்த்தேன். சரக்கு வந்த நேரத்தை அந்தப் பெண்மணி ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தார். திங்கள், பத்து இருபது. புதன், பத்து பதினைந்து. வெள்ளி, எட்டு ஐம்பது. பதினான்கு கட்டங்களில் இதற்கு ஒரு கட்டம் நான் போடவில்லை. காற்றின் திசைக்குப் போட்டிருந்தேன்.

மனைவிக்கு போன் செய்தேன். நான் கத்தியது டீக்கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அவள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"எதுக்குங்க சத்தம் போடறீங்க? எட்டுக்குள்ளன்னு நீங்க எழுதுனீங்க. எட்டுக்குள்ளயும் ஆச்சு, நல்ல நேரத்துலயும் ஆச்சு. அதுக்கு மேல நான் என்னங்க பண்றது?"

"ஒரு வார்த்தை என்னிடம் சொல்லக் கூடாதா?"

"சொன்னா ராகு காலம் பூமிக்கு எந்தப் பக்கம் இருக்குதுன்னு ஆரம்பிப்பீங்க. எனக்கு அடுப்புல வேலை கெடந்துதுங்க."

ஆரம்பித்திருப்பேன்தான்.

மணி ஏழு முப்பத்தைந்து. துண்டுக்கு அடியில் கைவிட்டுப் பெட்டியைத் தொட்டேன். வெளிப்பக்கம் ஏற்கெனவே வெதுவெதுப்பு. ஒன்பது வரை இங்கே வெந்து, பத்தேகாலுக்குக் குளிர் அலமாரிக்குள் போனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மஞ்சள், புதன்கிழமை மாடு. மாப்பிள்ளையிடம் கெஞ்சிப் பார்த்தேன். அறிவியல் பேசவில்லை. இருபத்தைந்து வருடமாக இந்த மாதிரி விஷயங்களைக் கேலி செய்துவந்த நான், சாஸ்திரம் பேசினேன்.

"மாப்ளே, பரஸ்தானம் வைத்துவிட்டால் அப்புறம் எந்த நேரத்திலும் போகலாம் என்பதுதானே அதன் பொருளே? சரக்கு நல்ல நேரத்தில் புறப்பட்டாச்சு. இனி ராகு காலத்தில் போனாலும் தோஷமில்லை. முறை தெரியாமல் பேசாதே."

மாப்பிள்ளை இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து, நிதானமாக யோசித்தார். நான் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்றது சரிதானுங் மாமா. சரக்கு பொறப்பட்டாச்சு. நான் இன்னும் பொறப்படலீங்களே. நான் டீ குடிக்கத்தான வந்தேன்?"

டீக்கடைக்காரர் சிரித்தேவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. போன வருஷம் ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கொழிஞ்சாம்பாறை தாண்டித் தக்காளி லோடோடு வண்டி கவிழ்ந்ததைச் சொன்னார். எனக்குத் தெரிந்த கதைதான்.

"அன்றைக்கு நீ தூங்கிவிட்டாய் மாப்ளே."

"தூக்கம் வந்ததே ராகு காலத்துலதானுங்களே."

நானே எடுத்துப் போகலாம் என்றால், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளுக்கு மேல் எதையும் நான் ஓட்டியதில்லை. ஏழு ஐம்பதுக்கு டவுன் பஸ் வந்தது. பஸ் டிரைவருக்குப் பரஸ்தானமும் இல்லை, எமகண்டமும் இல்லை. நேரம் தவறினால் பின்னால் வருகிற பஸ்ஸோடு சண்டைதான். இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். "மாமா, வேண்டாமுங்க, ஒம்போதுக்கு நானே கொண்டு போறேன்" என்று மாப்பிள்ளை இட்லிக் கையோடு பஸ் பின்னால் நாலடி ஓடிவந்தார். கண்ணில் உண்மையான கவலை இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு பெட்டி மடியில், ஒரு பெட்டி அதன் மேல். என் முகவாய் மேல்பெட்டியின் மூடியில். எதிரே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த அம்மாள் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, "மீனுங்களா?" என்றார். காளான் என்றேன். அதற்கும் சற்றுத் தள்ளித்தான் உட்கார்ந்தார். கண்டக்டர் பெட்டிகளுக்குத் தனியே லக்கேஜ் டிக்கெட் போட்டார். உள்ளே ஐஸ் பாட்டில் உருகி, மூடி இடுக்கு வழியாக என் வேட்டியில் சொட்டிய தண்ணீரை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை.

ஒன்பதே காலுக்கு டவுனில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஒன்பதரைக்குப் பின்கட்டில் நின்றேன். அந்தப் பெண்மணி ஒரு பொட்டலத்தை எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். என் வேட்டியைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்ததற்கு நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

"ரொம்ப தணுப்புன்னு சொல்ல முடியாது. குழப்பமில்லை, எடுத்துக்கலாம்" என்றார். "மத்த நாள் என்ன ஆச்சு சாரே? எங்கே வெச்சிருந்தீங்க?"

போன வாரம் இதே இடத்தில் நின்று விவசாயியின் உழைப்பைப் பற்றிப் பேசியவன் நான். "வண்டியில் ஒரு சின்னக் கோளாறு" என்றேன்.

புதன்கிழமையும் பஸ்தான். எமகண்டத்தில் போனேன். திங்கட்கிழமைச் சரக்கில் இரண்டு பொட்டலம் மட்டும் மீதி இருந்தன. அவையும் வெள்ளையாகவே இருந்தன. புதன்கிழமைச் சரக்கு வியாழன் தாண்டியும் மஞ்சளாகவில்லை என்று அவரே போனில் சொன்னார். தட்டு எங்களுக்கே இருக்கும், வேறு கம்பெனிக்கு இல்லை என்றும் சொன்னார். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மனைவி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். மாட்டுக்காரருக்குப் போன் செய்து, "இந்த வருசம் வேண்டாமுங்ணா, கொட்டாயில எடமில்லை" என்றாள். 'இந்த வருசம்' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பாய்லர்தான் காரணம், இனிமேல் வண்டி நேராகப் போனால் போதும் என்று அன்றே ராத்திரிச் சாப்பாடு முடியும் வரை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நேரா எப்படீங்க போகும்? அவன் ராகு காலத்துல எடுக்க மாட்டான். எனக்கும் அவனை அனுப்ப மனசில்லை. அவனுக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குது."

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் அதுலயெல்லாம் நம்பிக்கை இல்லையே? நம்பாதவங்கள ஒண்ணும் செய்யாதுங்க" என்றாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இருந்தாலும் எனக்கு அன்னிக்கு நீங்க திரும்பி வர்ற வரைக்கும் பக்கு பக்குன்னுதான் இருந்துது. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா..." நான் சற்று நெகிழ்ந்தேன். "...கொட்டாயில சாக்கு நனைக்கறது யாருங்க?"

நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று பெண்மணியிடம் கேட்டேன். ராகு காலம் தொடங்கும் முன்பே டவுன் போய்ச் சேர்ந்தால் பின்கட்டுக் கதவு திறந்திருக்காது. செவ்வாய், வியாழனுக்கு மாற்ற முடியுமா என்றால், அந்த நாட்களில் கோழிக்காரர்கள் வருவார்களாம். எல்லா வழியையும் யோசித்தாகிவிட்டது. கடைசியில் என் மனைவிதான் ஒரு முடிவுக்கு வந்தாள். அதன்படிதான் இப்போது நடக்கிறது.

திங்களும் புதனும் காலை ஏழேகாலுக்கு, நல்ல நேரத்தில், அவள் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவாள். என்னை மட்டும். பெட்டிகள் குளிர்பெட்டிக்குள்ளேயே இருக்கும். நான் முக்கு வரை நடந்துபோய், டீக்கடையில் பாய்லருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற பெஞ்சில் உட்கார வேண்டும். வேறு பெஞ்சுகளில் ஏழு மணிக்கே தென்னந்தோப்புக்குப் போகிற ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். இடையில் எதற்காகவும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, திரும்பினால் முறிந்துவிடும். எதிர் பெஞ்சில் மாப்பிள்ளை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். "பரஸ்தானம் நல்லா இருக்குதுங்களா மாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் டீக்கடைக்காரர் சிரிப்பார்.

ஏழே முக்காலுக்கு அவள் ஸ்கூட்டரில் பெட்டிகளை வைத்துக்கொண்டு வருவாள். அது ராகு காலமாயிற்றே என்று முதல் வாரம் கேட்டேன். புறப்பட்டுப் போனவர் விட்டுவிட்டுப் போன சாமானைக் கொண்டுபோய்க் கொடுப்பது பயணம் ஆகாது என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. ஆனால் மாப்பிள்ளையும் அதை ஒப்புக்கொண்டுவிட்டார்.

போன திங்கட்கிழமையும் அப்படித்தான். ஸ்கூட்டரை நிறுத்தி, பெட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"இது சில்லுன்னு இருக்குது. நீங்கதான் இப்படி வேர்த்துக் கெடக்கறீங்க. தள்ளி உக்காரக் கூடாதுங்களா?"

பஸ் வந்தது. பெட்டிகளை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு நான் ஏறினேன்.